மடை யார் கையில்? அர்கேதாஸின் "தண்ணீர்" என்னும் கதை பற்றி ஓர் ஆய்வு

மழை பொய்ப்பது வானத்தின் செயல். மலையில் ஊறிய நீர் ஒருவன் வயலுக்கு மட்டும் பாய்வது மனிதன் செயல். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது உலக வழக்கமாகிவிட்டது. பயிர் காய்ந்தால் வானத்தைப் பழிப்பது எளிது. மடையைத் திறப்பவன் யார், அடைப்பவன் யார், அந்த உரிமையை அவனுக்கு அளித்தவர் யார் என்று கேட்பது அத்துணை எளிதன்று. கேட்டவன் பெரும்பாலும் நலமாக வீடு திரும்புவதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே எழுந்த சிறுகதை ஒன்று தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் தலைநகரான லிமாவில், 1935-ஆம் ஆண்டில் வெளிவந்தது. "அகுவா" என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தண்ணீர் என்பதே பொருள். அதை எழுதிய ஹோசே மரியா அர்கேதாஸுக்கு அப்போது வயது 24. அதுவே அவருடைய முதல் நூலின் தலைப்புக் கதையுமாகும்.

கதை எழுதப்பட்டுத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதில் வரும் பெருநிலக்கிழார்கள் இன்று இல்லை. அவர்களுக்குத் துணை நின்ற சட்டமும் இல்லை. ஆயினும் ஆந்தீஸ் மலைத்தொடரின் பனி உருகி ஆறுகளின் போக்கு மாறிவரும் இக்காலத்தில் அக்கதையைப் படிப்போர்க்கு, அது நேற்று நடந்தது போலத் தோன்றும். அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர்

அர்கேதாஸ் 1911-ஆம் ஆண்டில் ஆந்தவாய்லாஸ் என்னும் மலையூரில் பிறந்தார். மூன்று வயதாகுமுன் தாயை இழந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று பணிபுரிந்த வழக்கறிஞர். அவர் மறுமணம் செய்துகொண்ட பெண்மணி நிலபுலம் மிக்கவர். மாற்றாந்தாயின் வீட்டில் சிறுவன் அர்கேதாஸுக்குக் கிடைத்த இடம் அடுக்களை. அங்கே ஏவலராக இருந்த கெச்சுவா மக்களோடு உண்டு, அவர்களோடு உறங்கி, அவர்கள் மொழியிலேயே பேசி வளர்ந்தார். வெறுப்பினால் தள்ளப்பட்ட இடத்தில் அன்பைக் கண்டதாக அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

தம் முதல் நூலை அவர் யாருக்குப் படைத்தார் என்பதும் கருதத்தக்கது. விசேக்கா என்னும் பண்ணையின் ஊர்க்குடிகளுக்கும் ஏவலர்க்கும் அதனைக் காணிக்கையாக்கினார். இரவு நேரப் பாசனத்தின்போது தம்மோடு குளிரில் நடுங்கியவர்கள் என்று அவர்களை நினைவுகூர்ந்தார். தண்ணீரைப் பற்றி ஏட்டில் படித்து எழுதியவர் அல்லர் அவர். நள்ளிரவில் வாய்க்கால் ஓரம் நின்று, தம் முறை வரும்வரை காத்திருந்த கூட்டத்தில் ஒருவர். கதையின் உயிர்ப்புக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

கதையின் போக்கு

சான் ஹுவான் ஒரு மலையூர். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவ்வாரத்துத் தண்ணீரைப் பங்கிடும் நாள். சிறுவன் எர்னெஸ்தோவும் ஊதுகொம்பு வாசிக்கும் பந்தாச்சாவும் ஊர்ச் சதுக்கத்துக்கு வருகிறார்கள். சதுக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. கதையைச் சொல்பவன் எர்னெஸ்தோவே.

பந்தாச்சா கடற்கரைச் சமவெளிக்குச் சென்று திரும்பியவன். வெளியுலகைக் கண்டவன். அங்கும் ஏழைகளின் நிலை இதுவே என்று அறிந்து வந்தவன். அவன் கொம்பை எடுத்து ஊதுகிறான். இசையைக் கேட்டுச் சிறுவர்கள் ஓடி வருகிறார்கள். சதுக்கத்துக்கு உயிர் வருகிறது. பிறகு ஊர்க்குடிகள் கூடுகிறார்கள். தீங்க்கி என்னும் பக்கத்து ஊரின் மக்களும், கோல் தாங்கிய தம் தலைவருடன் வந்து சேர்கிறார்கள். எல்லாருடைய சோளமும் உருளைக்கிழங்கும் காய்கின்றன. ஆனால் பெருநிலக்கிழார் தோன் பிராவுலியோவின் நிலமும், அவரைச் சேர்ந்த சிலரின் நிலமும் பசுமையாக இருக்கின்றன. வாரந்தோறும் நீர் அவர்களுக்கே போகிறது. பெரியவரிடம் பணிந்து போவதே நலம் என்று சொல்லும் முதியவரும் அக்கூட்டத்தில் இருக்கிறார். எந்த ஊரில்தான் அத்தகையோர் இல்லை?

நீரைப் பங்கிடும் பொறுப்பு தோன் பாஸ்குவல் என்பவருக்கு உரியது. இதுவரை தோன் பிராவுலியோவின் விருப்பத்தையே அவர் முறையென அறிவித்து வந்தார். அன்று மட்டும் துணிகிறார். இவ்வாரத்து நீர் ஏழைக் குடிகளுக்கே என்று ஊரறியக் கூறுகிறார். குடிபோதையில் நிற்கும் தோன் பிராவுலியோ கைத்துப்பாக்கியை எடுக்கிறார். கூட்டம் சிதறி ஓடுகிறது. பந்தாச்சா சுடப்பட்டு வீழ்கிறான். அவனுடைய கொம்பை எர்னெஸ்தோ எடுத்துத் தோன் பிராவுலியோவின் தலையை நோக்கி வீசுகிறான். நெற்றியில் இரத்தம் வழிகிறது. சிறுவன் ஊரைவிட்டு ஓடுகிறான். யாருக்கும் தலைவணங்காத குடிகள் வாழும் ஊத்தேக் பம்பாவை நோக்கி அவன் ஓடுவதோடு கதை முடிகிறது.

சொல்லே மடை

கதையின் பெயர் தண்ணீர். ஆனால் சதுக்கத்தில் தண்ணீர் வருவதில்லை. அங்கே வருவது தண்ணீரைப் பற்றிய ஒரு சொல். "இன்ன நாள் இன்னாருக்கு" என்னும் சொல். வாய்க்காலும் மடையும் எங்கோ இருக்கின்றன. ஊரின் உயிர் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. அச்சொல்லைத் தம் வாயில் வைத்திருந்தவரை தோன் பிராவுலியோவுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. சொல் வேறொருவர் வாய்க்கு மாறிய கணத்தில்தான் துப்பாக்கி வெளிவருகிறது. அதிகாரத்தின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது அரிது.

ஊதுகொம்பின் வழியாகவும் ஆசிரியர் இதே உண்மையைக் காட்டுகிறார். தொடக்கத்தில் அது விழாவின் குரல். சிதறிக் கிடக்கும் மக்களை ஒன்று கூட்டுகிறது. இறுதியில் ஊதுவதற்கு ஆளில்லை, அது எறிபடையாகிறது. கூட்டிய பொருளே, கூட்டம் கலைந்தபின் ஒரு சிறுவனின் தனிக் கோபமாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதே சிறப்பு.

கதை எழுந்த காலத்துச் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1902-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமே அப்போது பெருவில் நடைமுறையில் இருந்தது. அது பெருநிலக்கிழார்க்கே இடமளித்தது. தண்ணீரும் நிலத்தைப் போல உடைமையாகக் கருதப்பட்டது. ஆகவே தோன் பிராவுலியோவை ஒரு தனி மனிதனின் கொடுமை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவருக்குப் பின்னால் ஒரு நாட்டின் சட்டம் நின்றது.

பழங்கதையும் புதுக்கதையும்

மலைநாட்டு மக்களுக்கு நீர் எத்தகைய பொருள் என்பதை அர்கேதாஸ் பின்னர் மானிடவியல் அறிஞராகவும் ஆராய்ந்தார். சான் ஹுவானைப் போலவே லுக்கானாஸ் வட்டாரத்தைச் சேர்ந்தது பூக்கியோ நகரம். அதைப் பற்றிய தம் ஆய்வை அவர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அங்குள்ள மக்கள் மலையையே தெய்வமாகக் கொண்டு "வாமானி" என்று வணங்கினர். நீர் வாமானிக்கு உரியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் வாய்க்காலைத் தூர்வாரி விழா எடுத்தனர். மலைக்குப் படையல் இட்டு அதன் பின்னரே பாசன ஆண்டைத் தொடங்கினர்.

இதற்கு முந்திய சான்று ஒன்றும் உண்டு. வரோச்சிரி என்னும் மலைவட்டாரத்தின் தெய்வக் கதைகளைக் கெச்சுவா மொழியில் தொகுத்த கையெழுத்துப்படி அது. 1608-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது. அதனை அர்கேதாஸ் 1966-ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியில் ஆக்கினார். அதிலுள்ள ஒரு கதை "தண்ணீர்" கதையோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

சோக்கிசூசோ என்னும் பெண் தன் சோளப் பயிர் நீரின்றி வாடுவதைக் கண்டு அழுகிறாள். மலைத்தெய்வமான பாரியகாகா அவள்மேல் காதல் கொள்கிறது. கருணை காட்டவேண்டிய தெய்வம் தன் மேலாடையால் அவளுடைய குளத்தின் வாயையே அடைத்துவிடுகிறது. இருந்த சிறிதளவு நீரும் நிற்கிறது. பிறகு அவள் முன் தோன்றித் தன் ஆசைக்கு இணங்கினால் நீர் தருவதாகக் கூறுகிறது. அவள் அஞ்சி இணங்கவில்லை. முதலில் நீர் வரட்டும் என்கிறாள். நீர் வருகிறது. அதன்பின்னும் அவள் விடவில்லை. மேலும் நீர் கொணரும் வாய்க்கால் வேண்டும் என்கிறாள். தெய்வம் அப்பணியில் இறங்குகிறது. நரி முன்சென்று வழிகாட்ட, பாம்பும் பிற உயிர்களும் கூடி வாய்க்காலை வெட்டுகின்றன. நடுவழியில் ஒரு பறவை படபடத்துக் கிளம்ப, நரி திடுக்கிட்டு விழுகிறது. அதன் வேலையைப் பாம்பு ஏற்கிறது. அந்த இடத்தில் வாய்க்கால் தாழ்ந்து போவதற்கு அதுவே காரணம் என்கிறது கதை. இறுதியில் சோக்கிசூசோ அவ்வாய்க்கால் ஓரத்திலேயே கல்லாகி நிற்கிறாள். வாய்க்காலைத் தூர்வாரும் நாளில் மக்கள் அவளுக்கு விழா எடுத்தனர்.

பழங்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று இக்கதை சொல்லவில்லை. நீரை அடைத்து வைத்து அதன்மூலம் ஒரு பெண்ணை வளைக்கப் பார்த்த தெய்வம் அங்கே இருக்கிறது. வலியவன் எளியவளின் நீரைத் தடுப்பது மிகப் பழைய செயல் என்பது விளங்குகிறது. ஆனால் வேறொன்றும் அங்கே உண்டு. நீரைத் தடுத்தவன் கடன்பட்டவனாகிறான். அக்கடனை அவள் கேட்டுப் பெறுகிறாள். மலையின் தெய்வமே ஆனாலும் வாய்க்கால் வெட்டித் தந்தாக வேண்டும். ஆற்றல் உள்ள இடத்தில் கடப்பாடும் உண்டு என்பதே பழங்கதையின் நெஞ்சு.

தோன் பிராவுலியோவிடம் ஆற்றல் உண்டு, கடப்பாடு இல்லை. அவர் நீரை எடுக்கிறார். எடுத்ததற்கு ஈடாக எதையும் அவர் தரவேண்டியதில்லை. கேட்பவனுக்குத் துப்பாக்கியே விடை. மலைத்தெய்வத்துக்கு இருந்த கடன்கூட மனிதனுக்கு இல்லாமற் போன உலகத்தைத்தான் அர்கேதாஸ் 1935-இல் எழுதினார். கெச்சுவாக் கையெழுத்துப்படியை அவர் மொழிபெயர்த்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின். எனினும் அப்படியில் உள்ள நீதியுணர்வு அடுக்களையில் கேட்ட பேச்சின் வழியாக அவர் குருதியில் முன்னரே கலந்திருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

மொழிநடை

இக்கதையின் மொழி பற்றித் தனியே கூறவேண்டும். முதலில் இலக்கண வழுவற்ற நல்ல ஸ்பானிய நடையில் இதை எழுதியதாகவும், எழுதியதைப் படித்தபோது தமக்கே அருவருப்பு உண்டானதாகவும் அர்கேதாஸ் 1950-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் கூறினார். கெச்சுவா பேசும் குடியானவர் வாயில் நகரத்துக் கனவானின் ஸ்பானிய மொழி வந்தால் அது பொய்யாகும். முழுவதும் கெச்சுவாவில் எழுதினாலோ லிமாவில் படிப்போர் இலர். ஆகவே ஸ்பானியச் சொற்களைக் கெச்சுவாவின் தொடரமைப்பில் கோத்து ஒரு புது நடையைப் படைத்தார். வினைச்சொல் இடம் மாறி நிற்கும். அன்பைக் காட்டும் கெச்சுவா விகுதிகள் ஸ்பானியப் பெயர்களின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும். பந்தாலியோன் என்னும் பெயர் பந்தாச்சா ஆவது இவ்வாறே.

இதனை வெறும் நடையழகு என்று ஒதுக்கிவிடலாகாது. பங்கீட்டுச் சொல்லே கதையின் கருப்பொருள் என்று முன்னர்க் கண்டோம். அச்சொல்லை யார் மொழியில் சொல்வது என்பதும் அதே வழக்கின் ஒரு கூறுதான். நீருக்குரிய முறை மறுக்கப்பட்ட மக்களுக்குப் பேச்சுக்குரிய முறையை ஆசிரியர் பெற்றுத் தருகிறார்.

குறைகள்

இக்கதையில் குறைகளும் உள. தோன் பிராவுலியோ ஒரே வண்ணத்தில் தீட்டப்பட்ட பாத்திரம். அவர் குடிக்கிறார், திட்டுகிறார், சுடுகிறார். அவர் எண்ணுவது இன்னதென்று எங்கும் தெரிவதில்லை. தீமை எப்போதும் குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு வந்தால் அதை அடையாளம் காண்பது எளிது. அமைதியாகக் கணக்கெழுதும் தீமையும் உண்டு. இளம் ஆசிரியர் அதனை இன்னும் காணவில்லை. தம் பிற்கால நாவல்களில், குறிப்பாக 1964-இல் வெளிவந்த "எல்லாக் குருதிகளும்" என்னும் பெருநாவலில், பன்னாட்டுச் சுரங்க நிறுவனத்தைக் கொணர்ந்து அக்குறையைத் தீர்த்துக்கொண்டார்.

பெண்களுக்கு இக்கதையில் முதன்மையான இடமில்லை. பழங்கதையில் நீரைக் கேட்டுப் பெற்றவள் பெண். வீட்டுக்கு நீர் சுமப்பவளும் விதையைக் காப்பவளும் பெண்ணாயிருக்க, நீரைப் பற்றிய கதையில் பேசுவோர் அனைவரும் ஆண்களாக இருப்பது ஒரு குறையே.

மற்றொரு குற்றச்சாட்டும் உண்டு. பெருவின் புகழ்பெற்ற நாவலாசிரியரும் 2010-இல் நோபல் பரிசு பெற்றவருமான மரியோ வர்காஸ் யோசா, 1996-ஆம் ஆண்டில் அர்கேதாஸ் பற்றித் தனிநூல் ஒன்று எழுதினார். அர்கேதாஸின் உலகம் பழைமையை நோக்கிய ஒரு கனவு என்பது அவர் முடிவு. அர்கேதாஸின் திறமையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டும் ஆந்தீஸ் வாழ்வு மெய்யான வரலாற்றைவிட ஆசிரியரின் ஏக்கத்திலிருந்து பிறந்தது என்று கருதினார்.

பிற நூல்களைப் பொறுத்தமட்டில் இது எவ்வாறாயினும், "தண்ணீர்" கதைக்கு இக்கூற்று பொருந்தாது. சதுக்கத்தில் கூடிய மக்கள் பழைய பொற்காலத்தைத் திரும்பக் கேட்கவில்லை. இந்த வாரத்து நீரில் தம் பங்கைக் கேட்கிறார்கள். மழை தா என்று வானத்திடம் கேட்பது வேண்டுதல். பங்கு தா என்று ஊரில் கேட்பது கணக்கு. கணக்குக் கேட்பவனைக் கனவு காண்பவன் என்று கூறி அனுப்பிவிடுதல் எளிதான வழி. தோன் பிராவுலியோவும் அதை ஒத்துக்கொள்வார்.

தீங்க்கி மக்கள் பலராய் இருந்தும் ஓடிவிட்டார்களே என்று சிலர் வருந்தக்கூடும். அது குறையன்று; மெய். பசித்தவனுக்கு வீரம் வாராந்தரச் சந்தையில் கிடைக்கும் பொருளன்று. ஓடியவர்களை ஆசிரியர் பழிக்கவில்லை. அவர்களோடு குளிரில் நின்றவர் அவர்.

சட்டம் மாறியது; மலையும் மாறியது

1969-ஆம் ஆண்டில் பெருவில் நிலச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு சூலைத் திங்களில் புதிய நீர்ச் சட்டமும் வந்தது. தண்ணீரில் தனியார் உடைமை ஒழிந்தது. நீர் நாட்டின் உடைமை என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அர்கேதாஸ் மறைந்தார். தோன் பிராவுலியோக்களின் காலம் முடிந்தது என்று எவரும் எண்ணியிருக்கலாம்.

ஆனால் மடை வேறு கைகளுக்கு மாறிற்று. கதை நிகழும் லுக்கானாஸ் தெற்கே உள்ளது. அதிலிருந்து தொலைவில், நாட்டின் வடபகுதியில், கோர்தில்லேரா பிளாங்கா என்னும் வெண்பனித் தொடர் உள்ளது. அதன் ஏரிகளுள் மிகப் பெரியது பரோன். கரை உடைந்தால் கீழே உள்ள கராஸ் நகரம் அழிந்துவிடும் என்று அஞ்சி, நீர்மட்டத்தைக் குறைக்க மலையைக் குடைந்து சுரங்க வழி ஒன்று அமைத்தார்கள். 1980-களில் அப்பணி முடிந்தது. மக்களைக் காப்பதற்காக வைத்த அந்த மடை பின்னர் மின்சார உற்பத்திக்கு ஏற்றவாறு நீரைத் திறந்துவிடும் கருவியாயிற்று. மின்நிலையம் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனபின், நீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை நிறுவனமே முடிவு செய்தது. வாய்க்கால்கள் சேதமுற்றன, ஏரி வற்றியது. 2008-ஆம் ஆண்டில் அவ்வட்டாரக் குடியானவர் மலையேறிச் சென்று, மடையின் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். சான் ஹுவானின் ஞாயிற்றுக்கிழமை எழுபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தது. இம்முறை எதிரில் இருந்தவர் குடித்திருக்கவில்லை. அட்டவணைப்படி நடந்துகொண்டவர்.

அதனினும் பெரிய மாற்றம் மலையிலேயே நிகழ்ந்தது. உலகின் வெப்ப மண்டலப் பனிப்பாறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு பெருவில் உள்ளன. 1962-ஆம் ஆண்டுக்குப் பின் அவற்றின் பரப்பில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. பனி உருகத் தொடங்கும் காலத்தில் ஆறுகளில் நீர் மிகும். அதைக் கண்டு வளம் என்று மகிழ்வோரும் உண்டு. பனி ஓர் அளவுக்குக் கீழே சுருங்கியபின் நீர் குறையத் தொடங்கும். மே முதல் செப்டம்பர் வரை மழையில்லா மாதங்களில்தான் அக்குறை முதலில் தெரியும். கோர்தில்லேரா பிளாங்காவின் நீரைச் சுமக்கும் சாந்தா ஆற்றின் கிளைகளில் பெரும்பாலானவை அந்த உச்சத்தைக் கடந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். அதே ஆற்றின் நீரை எதிர்பார்த்தே கீழே கடற்கரைப் பாலையில் ஏற்றுமதிப் பயிர்கள் விளைகின்றன. பங்கு குறையக் குறையப் பங்காளிகள் பெருகுகிறார்கள்.

நீர் குறைவதோடு துன்பம் நிற்பதில்லை. உருகிய நீர் உயரத்தில் ஏரிகளாகத் தேங்குகிறது. வாராஸ் நகருக்கு மேலே உள்ள பால்காகோச்சா ஏரி 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் உடைந்தது. நகரின் ஒரு பகுதி அழிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1974-இல் ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டராக இருந்த அவ்வேரியின் நீர், 2009-இல் 1 கோடியே 70 லட்சம் கன மீட்டராகப் பெருகியிருந்தது. அது மறுபடி உடைந்தால் என்ன ஆகும் என்னும் அச்சத்தோடு நகரம் கீழே வாழ்கிறது.

இப்பனியை உருக்கிய வெப்பத்தில் மலைக்குடிகளின் பங்கு மிகச் சிறிது. கரியமில வாயுவை வெளியிட்ட புகைபோக்கிகள் கடல் கடந்த நாடுகளில் உள்ளன. இக்கணக்கையும் ஒருவர் கேட்டார். வாராஸைச் சேர்ந்த குடியானவரும் மலைவழிகாட்டியுமான சவுல் லூசியானோ யியுயா, 2015-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெரும் மின்நிறுவனமான ஆர்.டபிள்யூ.இ.மீது அந்நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தார். தொழில்யுகம் தொடங்கியது முதல் வெளியான வாயுக்களில் அந்நிறுவனத்தின் பங்கு 0.47 விழுக்காடு எனக் கணக்கிட்டு, ஏரியின் அபாயத்தைத் தடுக்க ஆகும் செலவில் அதே விழுக்காட்டை மட்டும் கேட்டார். தொகை ஏறத்தாழ 17,000 யூரோ. அந்நிறுவனத்திற்கு இது ஒரு பொருட்டே அன்று. அவர் கேட்டது பணத்தை அன்று, முறையை.

ஜெர்மானிய நீதிபதிகள் 2022-ஆம் ஆண்டில் பெருவுக்கே வந்து ஏரியைப் பார்த்தனர். 2025-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டுகளுக்குள் வெள்ளம் அவர் வீட்டை எட்டுவதற்கான வாய்ப்பு 1 விழுக்காடு அளவே என்று கூறி வழக்கைத் தள்ளியது. ஆனால் தொலைநாட்டில் விளையும் தீங்குக்குப் பெருமளவில் வாயு வெளியிடும் நிறுவனம் பொறுப்பாகக்கூடும் என்னும் கொள்கையை அதே நீதிமன்றம் ஏற்றது. வழக்கில் அவர் தோற்றார், கேள்வி வென்றது.

முடிவுரை

இனிக் கதைக்குத் திரும்பலாம். தோன் பிராவுலியோவின் கொடுமைக்கு ஒரு முகம் இருந்தது. எர்னெஸ்தோ வீசிய கொம்பு தாக்குவதற்கு ஒரு நெற்றி இருந்தது. இன்று மலைச் சிறுவன் ஒருவன் கொம்பை எடுத்தால் எதை நோக்கி வீசுவான்? மின்நிலையத்தின் அட்டவணை ஒரு நாட்டில், புகைபோக்கி வேறொரு நாட்டில், அதனால் இலாபம் பெறுவோர் பல நாடுகளில். தீமை பரந்துவிட்டால் அது யாருடையதும் அன்று என்று ஆகிவிடுகிறது. 1935-இல் ஒருவரிடம் குவிந்திருந்த அதிகாரத்தைவிட, பலரிடம் சிதறிக் கிடக்கும் இவ்வதிகாரம் கேள்வி கேட்பவனுக்குக் கடினமானது.

இந்த இடத்தில்தான் அர்கேதாஸின் கதை இன்றும் கைகொடுக்கிறது. பனி உருகுவதை இயற்கையின் போக்கு என்று எண்ணி அமைந்துவிடாமல், மடை யார் கையில் என்று கேட்கக் கற்றுத் தருகிறது. பழங்கதையோடு சேர்த்துப் படித்தால் அடுத்த கேள்வியும் பிறக்கிறது. நீரைத் தடுத்தவனின் கடன் என்ன? பாரியகாகாவிடம் சோக்கிசூசோ கேட்டதும், தோன் பிராவுலியோவிடம் பந்தாச்சா கேட்டதும், ஜெர்மானிய நீதிமன்றத்தில் ஒரு மலைவழிகாட்டி கேட்டதும் இதுவே. முதலாமவளுக்கு வாய்க்கால் கிடைத்தது. இரண்டாமவனுக்குக் குண்டு கிடைத்தது. மூன்றாமவருக்குத் தீர்ப்பில் ஒரு வாசகம் கிடைத்தது.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தது தமிழ்மறை. மழைக்கு அத்துணை உயர்ந்த இடம் தந்த மொழியில் இக்கதை இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டும். மழையை வாழ்த்துவோர்க்கு அதன் பங்கீட்டைக் கேட்கும் கடமையும் உண்டு. கதையின் இறுதியில் எர்னெஸ்தோ ஊத்தேக் பம்பாவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் அங்கே போய்ச் சேர்ந்தானா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. நீர்முறை நேர்மையாக அறிவிக்கப்படும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மலையில் வரும்வரை அவன் ஓட்டம் நிற்காது.